வரைபடத்தில் அந்த ஒரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "இப்போது வருகிற சாமான் எதுவும் உழைப்பதில்லை, எல்லாம் பிளாஸ்டிக்" என்ற மனக்குறையை வாசகர் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிறோம். குறை நியாயமானது. சொல்லப்படும் காரணம்தான் தப்பு. பிளாஸ்டிக் என்பதற்காக எந்தப் பாகமும் உடைவதில்லை. அந்த வேலைக்குப் பொருந்தாத பிளாஸ்டிக்கை, பொருந்தாத தடிமனில், பொருந்தாத நீளத்தில் போட்டதால் உடைகிறது. உலோகத்திலும் ரப்பரிலும் நடப்பது இதுவே.

ஒவ்வொரு பாகத்தின் வரைபடத்திலும் கீழ் மூலையில் 'மெட்டீரியல்' என்று ஒரு கட்டம் உண்டு. அளவுகளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை குறிக்கும் அதே வரைபடத்தில், அந்தக் கட்டத்தை மட்டும் 'பிளாஸ்டிக்', 'எஸ்.எஸ்.' (எவர்சில்வர்), 'ரப்பர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மாணவர்களின் புராஜெக்டுகளில் மட்டுமல்ல, உற்பத்திக்குப் போகும் வரைபடங்களிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. பொருள் பாதியில் கைவிடுவதற்கான விதை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

கையில் எடுத்துப் பார்க்கும்படியான ஓர் உதாரணம்: ரிமோட் கன்ட்ரோலின் பேட்டரி மூடி. அதில் நாக்கு மாதிரி ஒரு சின்னக் கொக்கி இருக்கும். ஐம்பது தடவை திறப்பதற்குள் அது வேரோடு ஒடிந்துவிடும், அப்புறம் மூடியை டேப் ஒட்டித்தான் வைக்க வேண்டும். கொக்கியின் நீளம் 6 மி.மீ., தடிமன் 1.2 மி.மீ., பூட்டும்போது அது வளைய வேண்டிய தூரம் 0.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வேரில் எவ்வளவு திரிபு (நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்ற அளவு) வரும் என்று பார்க்கப் பெரிய மென்பொருள் வேண்டாம். தடிமனை வளைவுத் தூரத்தால் பெருக்கி, ஒன்றரை மடங்காக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். 1.2 × 0.8 × 1.5 = 1.44. அதை 36-ஆல் வகுத்தால் 0.04, அதாவது 4 சதவீதம். இப்படிப்பட்ட மூடிகளுக்குப் போடும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் ஒரே ஒரு தடவை வளைவதற்கே பாதுகாப்பாகத் தாங்குவது 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான். அடிக்கடி திறந்து மூடும் பாகமென்றால் அதிலும் 60 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அதாவது 1.1 சதவீதம் அளவுக்கு. தாங்கக்கூடியதைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு வளைத்தால் எப்படி நிற்கும்?

இந்த இடத்தில் பலரும் செய்வது, பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக்குக்கு மாறுவது. அது ஒரு தடவைக்கு 4 சதவீதம் தாங்கும். ஆனால் தினப் பயன்பாட்டுக் கணக்கில் அதுவும் போதாது, செலவும் கூடுகிறது. சிலர் கொக்கியைத் தடிமனாக்குவார்கள். அது நிலைமையை இன்னும் கெடுக்கும், ஏனென்றால் தடிமன் கூடினால் அதே வளைவுக்குத் திரிபும் கூடும். சரியான வைத்தியம் நீளத்தில் இருக்கிறது. கொக்கியின் இரு பக்கமும் மூடியில் பள்ளம் வெட்டி நீளத்தை 12 மி.மீ. ஆக்கினால், 1.44-ஐ 144-ஆல் வகுக்க வேண்டும்: சரியாக 1 சதவீதம். அதே ஏபிஎஸ், வருடக்கணக்கில் நிற்கும். வேரில் கூர்மூலை விடாமல் தடிமனில் பாதிக்குக் குறையாத ஆரத்தில் வளைவு கொடுப்பதும், நுனிக்குப் போகப் போகத் தடிமன் பாதியாகும்படி சரிப்பதும் கூடுதல் காப்பு. அந்தச் சரிவு மட்டுமே திரிபை ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கும். மெட்டீரியலையும் வடிவத்தையும் தனித்தனியாக முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சின்ன சாட்சி கிடைக்காது.

கட்டத்தில் பெயர் எழுதுமுன் ஒரு தாளில் எழுத வேண்டியவை வேறு. இந்தப் பாகத்தின் வேலை என்ன? இழுபடுகிறதா, வளைகிறதா, அமுங்குகிறதா, உரசுகிறதா? பாரம் ஒரு நொடியா, பத்து வருடமா? எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர், வெயில் படுமா? எண்ணெய், சோப்பு, உப்பு, வெந்நீர், இதில் எது எது தொடும்? எத்தனை உருப்படி செய்யப்போகிறோம், எந்த முறையில்? உடைந்தால் யாருக்கு என்ன ஆகும்? இதில் கட்டாயம் எது, கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை என்பது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டாயத்தில் தேறாத பொருள்களை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியதை எடை, விலை போன்ற ஒரே ஒரு குறிக்கோளை வைத்து வரிசைப்படுத்த வேண்டும். எடையையும் விலையையும் அழகையும் ஒன்றாகக் கலந்து மதிப்பெண் போடுகிற அட்டவணைகளைக் கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள். கட்டாயத்தில் தோற்ற பொருள்கூட மற்ற பத்திகளில் மதிப்பெண் வாங்கி அதில் முதலிடம் பிடித்துவிடும். அதனால்தான் கழித்தல் முதலில், வரிசை பிறகு.

விறைப்பையும் (வளைய மறுப்பது) வலிமையையும் (உடையாமல் தாங்குவது) ஒன்றென்று நினைப்பதால் வரும் குழப்பம் தனி. தட்டு தொய்கிறது, அலமாரிப் பலகை வளைகிறது என்று புகார் வந்தால், "ஸ்ட்ராங்கான எஃகு போடு" என்கிறார்கள். சாதாரண எஃகும் உயர்வலிமை எஃகும் விறைப்பில் ஒன்றுதான், விறைப்பை அளக்கும் யங் குணகம் இரண்டுக்கும் 200 ஜிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். பணம் கூடுதலாகச் செலவாகும், தட்டு அதே அளவு தொய்யும். தொய்வுக்கு மருந்து வடிவம்: ஓரத்தை மடிப்பது, நடுவே வரிப்பள்ளம் அழுத்துவது, தடிமனைச் சற்றுக் கூட்டுவது. தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியில் ஏறும், 1 மி.மீ. தகட்டை 1.26 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு இரண்டு மடங்கு.

இதே கணக்கை வைத்து, 1 மி.மீ. எஃகுத் தகட்டுக்குப் பதிலாக வேறென்ன போடலாம் என்று பார்க்கலாம். அலுமினியத்தின் குணகம் 70 ஜிகாபாஸ்கல், எஃகில் மூன்றில் ஒரு பங்கு. சம விறைப்புக்குத் தடிமன் 1.4 மி.மீ. போதும், எடையோ பாதிதான். ஏபிஎஸ் குணகம் 2.3 அளவில், எஃகைவிட 87 மடங்கு குறைவு. ஆனாலும் தடிமன் 87 மடங்காக வேண்டாம், 4.4 மடங்கு போதும். அப்போதும் எடை எஃகில் 60 சதவீதம்தான். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 4.4 மி.மீ. தடிமனில் யாரும் மோல்டு அடிக்க (உருக்கி அச்சில் செலுத்தி வார்க்க) கூடாது. அச்சில் ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தில் ஏறும், 2.5 மி.மீ. சுவரோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். மேற்பரப்பு உள்வாங்கிக் குழி விழும், உள்ளே காற்றறை உண்டாகும். ஆகவே 2.5 மி.மீ. சுவரும், பின்னால் அதைத் தாங்கும் மெல்லிய முட்டுகளான விலாக்களும். விலாவின் தடிமன் சுவரில் பாதியிலிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் முன்பக்கத்தில் கோடு கோடாகப் பள்ளம் தெரியும். போகிற போக்கில் ஒன்று: எடைக்கு எடை தகட்டு விறைப்பில் எஃகு, அலுமினியம், ஏபிஎஸ் மூன்றையும் தோற்கடிப்பது மரம், அதன் இழையின் திசையில். பழைய பொருள் என்று அதைப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடுகிறோம்.

அடுத்து டேட்டாஷீட், அதாவது பொருளின் குணங்களை எண்ணில் தரும் நிறுவனத் தாள். அதில் இருக்கும் எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை 23 டிகிரி செல்சியஸில், காய்ந்த நிலையில், சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனையில் கிடைத்தவை. சமையலறையிலும் வெயிலிலும் பத்து வருடம் கிடக்கப்போகும் பாகத்துக்கு அந்த முதல் வரியை அப்படியே எடுக்கக் கூடாது. நைலானைப் பாருங்கள். அச்சிலிருந்து விழுந்ததும் குணகம் 3 ஜிகாபாஸ்கல். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி நிலைபெற்ற பிறகு ஏறத்தாழ பாதியாகிவிடும். 50 சதவீத ஈரப்பதக் காற்றிலேயே எடையில் 2.5 முதல் 3 சதவீதம் தண்ணீர் குடிக்கும், நீளம் அரை சதவீதத்துக்கு மேல் கூடும். 50 மி.மீ. பல்சக்கரம் கால் மில்லிமீட்டருக்கு மேல் பெருத்தால் பற்கள் இறுகிச் சத்தம் போடும், மோட்டார் சூடாகும். தொழிற்சாலையில் சரியாக ஓடியது, மழைக்காலத்தில் மட்டும் மக்கர் செய்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அளவு மாறக்கூடாத சக்கரத்துக்கு அசெட்டல் என்ற பிளாஸ்டிக் நல்லது, அது குடிக்கும் ஈரம் மிகச் சொற்பம். ஆனால் குளோரின் கலந்த நீரோ வலுவான அமிலமோ தொடும் இடத்தில் அசெட்டல் கூடாது; மேற்பரப்பு வெடித்து மாவு மாதிரி உதிரும்.

வெப்பம் தாங்கும் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. 'வெப்பத்தில் வளையும் வெப்பநிலை' என்ற வரியில் சாதாரண நைலான் 66-க்கு ஒரு நிறுவனத் தாளில் 200-க்கு மேலும், இன்னொன்றில் 70-ஐ ஒட்டியும் பார்க்கலாம். இரண்டும் சரி. முதலாவது 0.45 மெகாபாஸ்கல் பாரத்தில் அளந்தது, இரண்டாவது 1.8 மெகாபாஸ்கலில். எந்தப் பாரத்தில் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தவர், சூடான இடத்தில் பாரம் தாங்கும் பாகத்தைத் தெரியாமல் பலி கொடுக்கிறார்.

அதைவிட அமைதியான எதிரி, நிற்கும் பாரம். திருகு இறுக்கிய பிளாஸ்டிக் தூண், எப்போதும் வளைந்த நிலையிலேயே இருக்கும் கிளிப், தண்ணீர் நிறைந்து தொங்கும் தொட்டியின் காது, இவையெல்லாம் உடனே உடையா. பாரத்தைத் தாங்கியபடியே மெல்ல மெல்ல நீண்டுகொண்டு போகும். பட்டறையில் 'க்ரீப்' என்பார்கள். ஏபிஎஸ் 40 மெகாபாஸ்கல் தாங்கும் என்று டேட்டாஷீட் சொன்னாலும், விடாமல் நிற்கும் பாரத்துக்கு அதில் கால்வாசியைத் தாண்டாமல் கணக்குப் போடுவதுதான் விவேகம். பேட்டரி மூடியில் பார்த்தது போன்ற ஸ்னாப் கொக்கியை வடிவமைக்கும்போதும், பூட்டிய பிறகு அது முழுதாகத் தளர்ந்து நேராக நிற்கும்படி இடம் விட வேண்டும். பூட்டிய நிலையிலும் அரைகுறையாக வளைந்தே இருந்தால் சில மாதங்களில் பிடிப்பு போய்விடும்.

உலோகத்திலும் இதே சங்கதி ஓரிடத்தில் ஆபத்தாகவே வரும்: மின் பிளக் செருகும் சாக்கெட்டின் உள்ளே பின்னைக் கவ்விப் பிடிக்கும் தகடு. மின்சாரம் போகும் பாகம், ஆகவே நன்றாகக் கடத்துவதைப் போடு என்றுதான் முதலில் தோன்றும். தாமிரத்தின் கடத்துதிறனை 100 என்று வைத்தால் 70-க்கு 30 பித்தளை 28, பாஸ்பர் வெண்கலம் 15-ஐ ஒட்டி. இந்த வரிசைப்படி பாஸ்பர் வெண்கலம் கடைசி. ஆனால் அந்தத் தகட்டின் முதல் வேலை கடத்துவதில்லை, கவ்வுவது. இறுக்கம் குறைந்தால் தொடும் இடத்தில் மின்தடை ஏறும். தடை ஏறினால் சூடு. சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. இந்தச் சுழலில் முதலில் விழுவது பித்தளை. பாஸ்பர் வெண்கலம் இளஞ்சூட்டில் நெடுநாள் இருந்தாலும் பிடியை விடாது. தகடு குட்டையானது, அதனால் அதன் சொந்த மின்தடை பெரிய விஷயமே இல்லை. கறுத்த சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் உருகிய பிளாஸ்டிக்தான் முதலில் கண்ணில் படும், பழியும் அதன்மேல்தான் விழும். பல நேரங்களில் குற்றவாளி உள்ளிருக்கும் தளர்ந்த தகடு. அந்த பிளாஸ்டிக்குக்கும் தனிக் கட்டாயம் இருக்கிறது: சிவக்கச் சூடேற்றிய கம்பியை அழுத்தினாலும் எரிந்து பரவக் கூடாது. கவனிக்க ஆளில்லாமல் ஓடும் சாதனங்களில் இந்தச் சோதனை 850 டிகிரியில் நடக்கும்.

ரப்பர் என்று ஒற்றைச் சொல் எழுதும் கொடுமையைத் தனியே சொல்லியாக வேண்டும். இபிடிஎம் என்ற ரப்பர் வெந்நீரையும் ஆவியையும் காற்றில் உள்ள ஓசோனையும் நன்றாகத் தாங்கும். மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும். நைட்ரைல் என்ற ரப்பர் எண்ணெயில் அசையாது. இழுத்த நிலையில் காற்றில் விட்டால் ஓசோனில் விரிசல் விடும். சிலிக்கோன் 200 டிகிரி வரை தாங்கும், ஆனால் ஓர் ஓரத்தில் கீறல் விழுந்தால் சுலபமாகக் கிழியும். பார்வைக்கு இபிடிஎம்மும் நைட்ரைலும் ஒரே மாதிரிக் கறுப்பு வளையங்கள். குழாயில் இபிடிஎம் ஓ-ரிங் போட்டுவிட்டு, சுலபமாக நுழையட்டும் என்று கிரீஸ் தடவுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் என்றால் அந்த நிமிடமே அதன் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். சிலிக்கோன் கிரீஸ்தான் தடவ வேண்டும். இதுவும் அதே கட்டத்தில் எழுத வேண்டிய விஷயம்.

'எஸ்.எஸ்.' விஷயமும் இப்படித்தான். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்புக்கு எதிராக நிற்பது அந்த மாலிப்டினம். அது இல்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் உப்பைக் கொட்டிக் கரைக்காமல் விட்டால் அடியில் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள் விழுவது இதனால்தான். காந்தம் ஒட்டினால் போலி என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. 304 தகட்டையே ஆழமாக அழுத்தி வளைத்தால் அந்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும். நிக்கல் இல்லாத 430 ரகம் முழுக்கவே காந்தம் பிடிக்கும், பல வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

இரண்டு உலோகம் சேரும் இடத்தில் பரப்பளவைப் பார்க்க வேண்டும். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எவர்சில்வர் திருகு: ஈரம் பட்டாலும் பெரும்பாலும் ஒப்பேற்றும். பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட்: ஈரமும் உப்பும் சேர்ந்தால் ரிவெட் வேகமாகக் கரைந்துபோகும். அரிப்பு முழுவதும் அந்தச் சிறு பரப்பில் குவிவதே காரணம். உலோகங்கள் அதே இரண்டுதான், இடம் மாறியதும் விளைவும் மாறிவிட்டது.

பிளாஸ்டிக்குக்கும் இப்படி ஒவ்வாதவை உண்டு. பாலிகார்பனேட்டில் திருகு கழலாமலிருக்கப் போடும் பசை பட்டால், இறுகிய தகைவும் ரசாயனமும் சேர்ந்து சில மணி நேரத்திலேயே விரிசல் ஓடலாம். 60 டிகிரிக்கு மேல் வெந்நீரில் தொடர்ந்து கிடந்தால் அதே பாலிகார்பனேட் மெல்ல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியில் கிடக்கும் பாலிப்ரொப்பிலீன் நாற்காலி சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்து ஒடிவது புற ஊதாக் கதிரால். 2 சதவீதம் அளவில் கார்பன் கறுப்பு அல்லது ஒளிநிலைப்படுத்தி சேர்த்திருந்தால் அது நெடுநாள் உழைத்திருக்கும். பாலிப்ரொப்பிலீனின் பெருமையையும் சொல்ல வேண்டும்: மூடியும் டப்பாவும் ஒரே துண்டாக வரும் அந்த மெல்லிய கீல், 0.3 மி.மீ. அளவில், லட்சக்கணக்கான தடவை மடங்கும். பாய்வு கீலைக் குறுக்காகக் கடந்து ஓடும்படி உருகிய பிளாஸ்டிக் நுழையும் வாயிலை வைக்க வேண்டும், அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு தடவை மடக்கிவிட வேண்டும். இந்த இரண்டும் தவறினால் அதே பொருளே முறியும்.

செய்முறை என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பொருளைத் தேர்ந்தும் பாகம் உடைந்தால், பொருளை மாற்றுமுன் துகள்களைச் சரியாக உலர்த்தினார்களா என்று கேட்க வேண்டும். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் மூன்று, நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஈரத்தோடு உருக்கினால் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துவிடும், பாகம் வெளியே பளபளப்பாகவே இருந்தாலும் உள்ளே வலு இருக்காது. அரைத்த பழைய துகளை அளவின்றிக் கலந்தாலும் அதே கதி. முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரி உடையவில்லை என்பதும் உத்தரவாதமில்லை. அதன் அடுக்குகளின் ஒட்டும், மோல்டில் இரு ஓட்டங்கள் சேரும் இணைப்புக் கோடும் வேறு வேறு இடத்தில் பலவீனத்தை வைக்கும்.

இன்னொன்று வாசகர்களுக்கு. மிக்சியில் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் அடிக்கடி தேய்கிறதென்று உலோகத்தில் கடைசல் பிடித்து மாட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜார் சிக்கினால் முதலில் போகட்டும் என்றே அந்தப் பாகத்தை மெத்தென்ற பொருளில் வைத்திருக்கிறார்கள். அதை உலோகமாக்கினால் அடுத்த சிக்கலில் போவது மோட்டாரின் தண்டு. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். எது முதலில் உடைய வேண்டும் என்று தீர்மானிப்பதும் தேர்வில் ஒரு பகுதி. அதற்கு ஈடாக, அந்த மலிவான பாகம் தனியே கிடைக்கும்படி நிறுவனங்கள் செய்ய வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாக மூன்று வேண்டுகோள். ஆசிரியர்கள் புராஜெக்ட் வரைபடத்தில் மெட்டீரியல் கட்டத்துக்கு நேரே 'ஏன்' என்று ஒரு பத்தியைக் கட்டாயமாக்கி, கழித்த பொருள்களையும் கழித்த காரணத்தையும் எழுத வைக்கட்டும். பிளாஸ்டிக் பாகத்தின் உட்புறத்தில் பொருளின் குறியீட்டைப் பொறிக்க ஐஎஸ்ஓ 11469 என்று ஒரு தரமுறை ஏற்கெனவே இருக்கிறது. சில மூடிகளின் உள்ளே இரு கூர்க்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிபி என்று இருப்பது அதுதான். எல்லாத் தயாரிப்பாளர்களும் எல்லாப் பாகத்திலும் அதைப் பொறிக்கட்டும். பழுது பார்ப்பவருக்கு எந்தப் பசை ஒட்டும் என்பதும், மறுசுழற்சி செய்பவருக்கு எதோடு சேர்ப்பது என்பதும் அப்போதுதான் தெரியும். தங்கள் பொருள் விமர்சனப் பகுதியில் எழுதுபவர்கள், பளபளப்பையும் வசதிகளையும் பார்ப்பதோடு மூடியைத் திருப்பி அந்தக் குறியையும், கொக்கியின் வேரில் வளைவு இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதட்டும்.

அந்தக் கட்டம் எப்படி நிறைந்திருக்க வேண்டும் என்பதற்கு, எண்ணெய் படாத உட்புறப் பல்சக்கரம் ஒன்றுக்கு: "அசெட்டல் கோபாலிமர், மோல்டிங் ரகம், இயற்கை வெள்ளை, அரைத்த பழைய துகள் கூடாது, அளவுகள் அச்சிலிருந்து எடுத்து 24 மணி நேரம் கழித்து, 23 டிகிரியில் பார்க்க வேண்டும், குளோரின் கலந்த சுத்திகரிப்புத் திரவம் படக் கூடாது, மாற்றுப் பொருள் போடுமுன் வடிவமைப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்."

இப்படிக்கு,
ஒரு வடிவமைப்புப் பொறியாளர்